விராலும் கிரந்தியும்

இந்தக் கிழமை ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களைப் பிரித்தால் எல்லாமே புண்ணும் காயமும். வாவிக்குப் போனவர், வயலுக்குப் போனவர், ஆஸ்பத்திரிக்குப் போனவர் என்று ஆளுக்கொரு காயத்தோடு எழுதியிருக்கிறார்கள். மற்றக் கேள்விகளை அடுத்த கிழமைக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மகளுக்கு சிசேரியன் நடந்து ஒன்பது நாள். தையல் ஆற விரால் மீன் வேண்டும் என்று மருமகன் விடியவெள்ளாப்பில் உறுகாமம் வரை போய் உயிரோடு வாங்கி வருகிறார். விலையோ எட்டாத விலை. மெய்யாகவே விராலில் ஏதும் இருக்கிறதா?
(ஓர் உம்மா, மீராகேணி)

பதில்: இருக்கிறது. ஆனால் மருமகன் தினமும் ஓடுகிற அளவுக்கு இல்லை.

சிங்களவர் லூலா என்பதும் மலாய்க்காரர் ஹாருவான் என்பதும் நம்முடைய இதே விராலைத்தான். வெட்டுப்பட்டவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் அதைக் காய்ச்சிக் கொடுக்கிற வழக்கம் மலேசியாவிலும் உண்டு. ‘ஊரே சொல்கிறதே, உள்ளே என்னதான் இருக்கிறது’ என்று 1990களில் அங்குள்ள ஆய்வாளர்கள் அதன் சதையைப் பகுத்துப் பார்த்தார்கள். இரண்டு பொருள்கள் கவனத்தை ஈர்த்தன. ஒன்று கிளைசின் என்ற அமினோ அமிலம். நம் தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் புரதத்தில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின்தான். மற்றது அரக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பமிலம். காயம் பட்ட இடத்தில் நம் உடம்பு இந்த அமிலத்திலிருந்துதான் புரொஸ்டாகிளாண்டின் என்ற ஓமோன் போன்ற பொருளைச் செய்துகொள்கிறது. குருதிக் குழாயை விரிப்பது, வெள்ளைக் கலங்களை வரவழைப்பது, புதுத் தோலை வளரத் தூண்டுவது எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு.

பிறகு எலிகளின் காயத்தில் விரால் சாறு கலந்த களிம்பைப் பூசினார்கள். ஆறிய தோலை இழுத்துப் பார்த்தபோது அது கூடுதலான இழுப்பைத் தாங்கியது. சிசேரியன் நடந்த தாய்மாருக்கும் ஆறு கிழமை விரால் சாற்றுத் தூள் கொடுத்துப் பார்த்தார்கள். வலியில் வித்தியாசம் இல்லை. தழும்பின் தோற்றம் மட்டும் தாய்மாருக்குக் கூடுதல் திருப்தி தந்தது.

இனி என் கணிப்பு. அரக்கிடோனிக் அமிலம் நம்முடைய ஒவ்வொரு கலத்தின் மென்சவ்விலும் ஏற்கெனவே இருக்கிறது. முட்டையிலும் கோழியிறைச்சியிலும் இருக்கிறது. மத்தியானம் சாப்பிட்ட விரால் பின்னேரம் தையலுக்குப் போய்ச் சேர்வதில்லை. விராலின் பெரிய உதவி அதன் நல்ல புரதம்தான். எளிதில் சமிக்கும், வாய்க்கசப்பு உள்ளவரும் அதன் ஆணத்தைக் குடித்துவிடுவார். ஆகவே கிடைத்த நாளில் விரால், கிடைக்காத நாளில் இரண்டு முட்டை. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். பருப்பும் கோழியும் வேறு மீனும் அதே வேலையைச் செய்யும். மருமகனை விடியும்வரை தூங்கவிடுங்கள். நள்ளிரவில் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்க அவர் தேவைப்படுவார்.

கேள்வி: புரொஸ்டாகிளாண்டினை ஓமோன் என்று எழுதினால் சேர் பிழை போடுகிறார். ‘ஓமோன் போன்ற பொருள்’ என்று எழுதச் சொல்கிறார். அந்தப் ‘போன்ற’வில் என்ன இருக்கிறது?
(உயர்தர மாணவி, வந்தாறுமூலை)

பதில்: அந்தப் ‘போன்ற’வில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஓமோன் ஒரு சுரப்பியில் பிறந்து, குருதியில் ஏறி, தூரத்து உறுப்புக்குப் போய் வேலை செய்யும். புரொஸ்டாகிளாண்டின் படலையடியில் நின்று பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுகிற குரல், சந்திவரை கேட்காது. பிறந்த இடத்திலேயே வேலை செய்துவிட்டு அங்கேயே அழிந்துவிடும். தப்பித் தவறிக் குருதியில் ஏறினாலும் நுரையீரலை ஒருதடவை கடப்பதற்குள் பெரும்பகுதி சிதைந்துபோகும். அதன் உறவுக்காரியான துரொம்பொக்சேன் குருதிச் சிறுதட்டுகளை ஒட்டவைத்துக் காயத்தை அடைக்கும். அதில் பாதி அழிய அரை நிமிடம் போதும்.

பெயரே ஒரு பிழையில் பிறந்தது. 1935இல் சுவீடன் நாட்டு ஊல்ஃப் வொன் ஒய்லர் இதை விந்துப் பாயத்தில் கண்டு, புரொஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிறது என்று எண்ணிப் பெயர் வைத்தார். பிறகு பார்த்தால் உடம்பில் இதைச் செய்யாத இழையமே அரிது. பெயரை மாற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை. பேர்க்ஸ்ட்ரோம், சாமுவெல்சன், வேன் மூவரும் இந்தத் துறைக்காக 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். சேர் போட்ட பிழை சரி. புள்ளியைத் திருப்பிக் கேட்காதீர்கள்.

கேள்வி: மண்வெட்டி பட்டு இரண்டு நாள். கால் சிவந்து, வீங்கி, சூடாகவும் இருக்கிறது. சீழ் பிடித்துவிட்டதா?
(விவசாயி, கரடியனாறு)

பதில்: இரண்டாம் நாள் சிவப்பும் சூடும் பெரும்பாலும் உடம்பு வேலை தொடங்கிவிட்டதன் அடையாளம். புரொஸ்டாகிளாண்டின் குழாய்களை விரிக்கிறது, குருதி கூடுதலாக வருகிறது, அதனால் சிவப்பு. லியுகோத்திரையீன் என்ற இன்னோர் உறவினர் வெள்ளைக் கலங்களைக் கூப்பிட்டுக் கிருமியையும் செத்த தசையையும் அகற்றவைக்கிறார். எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதற்குப் பிறகு வருவது. துப்புரவு முடிந்ததும் அரக்கிடோனிக் அமிலத்திலிருந்து லிப்பொக்சினும், அதன் உறவான ஒமேகா 3 கொழுப்பிலிருந்து ரிசொல்வினும் என்ற வேறு பொருள்கள் பிறந்து, “போதும், இனி மூடலாம்” என்று வீக்கத்தை வடியவைக்கின்றன. நெருப்பு மூட்டியவனின் குடும்பமே தண்ணீர்க் குடத்தோடும் வருகிறது! வீக்கம் தானாகத் தணிவதில்லை, தணிக்கப்படுகிறது என்பதை அறிவியல் கண்டுகொண்டது அண்மைக் காலத்தில்தான்.

ஆனால் மூன்றாம் நாளுக்குப் பிறகும் சிவப்பு பரவிக்கொண்டே போனால், வலி குறையாமல் கூடினால், மணம் வந்தால், காய்ச்சல் அடித்தால், காலில் சிவப்புக் கோடு மேலேறினால் அது வேறு கதை. அன்றே ஆஸ்பத்திரி. மண்வெட்டிக் காயம் என்பதால் ஏற்புவலித் தடுப்பூசியை இன்றைக்கே கேட்டுப் போடுங்கள். அதற்கு மூன்றாம் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: வலிக்கு பாமசியில் டைக்ளோபினாக் வாங்கி விழுங்குகிறேன். புண் ஆறப் பிந்துமா?
(மேசன் தொழிலாளி, ஐயன்கேணி)

பதில்: அஸ்பிரின் வகை மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்று 1971இல் ஜோன் வேன் காட்டினார்: அரக்கிடோனிக் அமிலத்தைப் புரொஸ்டாகிளாண்டினாக மாற்றும் நொதியத்தை அவை பூட்டிவிடுகின்றன. டைக்ளோபினாக்கும் ஐபுபுரோபெனும் அதே பூட்டுத்தான். வலி போகிறது, கூடவே ஆற்றும் வேலையின் ஒரு பகுதியும் அடங்குகிறது. விலங்குச் சோதனைகளில் இந்த மருந்துகளால் காயம் ஆறப் பிந்தியதையும் தழும்பின் வலு குறைந்ததையும் கண்டிருக்கிறார்கள். மனிதரில் இரண்டு மூன்று நாள் எடுத்தால் பெரிய பாதிப்பு தெரிவதில்லை. கிழமைக்கணக்கில் விழுங்கினால் புண்ணைவிட வயிறும் சிறுநீரகமும் முந்திக்கொள்ளும். சாதாரண வலிக்கு அளவோடு பனடோல் போதும். அது வீக்கத்தின் வேலையில் அதிகம் தலையிடாது.

இரண்டு எச்சரிக்கை. நெஞ்சு வருத்தத்துக்காக டொக்டர் தந்த சிறு அளவு அஸ்பிரினை இதைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். காய்ச்சல் இருந்தால், அது டெங்கு இல்லை என்று தெரியும்வரை டைக்ளோபினாக், ஐபுபுரோபென், அஸ்பிரின் மூன்றையும் தொடாதீர்கள். டெங்கில் அவை குருதிக் கசிவைக் கூட்டிவிடும்.

கேள்வி: அப்பெண்டிக்ஸ் ஒப்பரேஷன் செய்து வந்த நாளிலிருந்து உம்மா எனக்கு இறால், நண்டு, கணவாய், சூரை, கத்தரிக்காய் ஒன்றும் தருவதில்லை. “கிரந்தி, புண் கிளம்பும்” என்கிறா. சோறும் பருப்புத் தண்ணியும்தான். வாவிக்கரையில் பிறந்தவனுக்கு இது நியாயமா?
(மெலிந்துபோன வாசகர், ஏறாவூர்)

பதில்: உங்கள் உம்மாவின் அன்பில் ஒரு குறையும் இல்லை. பட்டியலில்தான் குறை.

கிரந்தி என்ற எண்ணம் ஒன்றுமில்லாததிலிருந்து பிறக்கவில்லை. இறாலும் நண்டும் சிலருக்கு ஒவ்வாது. உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். சூரை வெயிலில் கிடந்து பழுதானால் அதில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும், சமைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவரின் முகம் சிவந்து உடம்பு எரியும். ஐஸ் இல்லாத காலத்தில் இதைக் கண்ட மூத்தம்மாமார் “புண் உள்ளவன் தொடாதே” என்று விதி வைத்தார்கள். அந்த நாளுக்கு அது புத்தியான விதி. கேடு எங்கே வந்தது என்றால், ஒவ்வாதவருக்கான விதி எல்லாருக்குமாகிவிட்டது.

புண் ஆறும் உடம்பு கட்டடம் கட்டுகிற உடம்பு. அதற்குப் புரதம் வேண்டும், துத்தநாகம் வேண்டும், வைட்டமின் சி வேண்டும். நண்டிலும் இறாலிலும் புரதமும் துத்தநாகமும் நிறைய. வீக்கத்தை அணைக்கும் ரிசொல்வின் எதிலிருந்து பிறக்கிறது? சூரையிலும் சாளையிலும் உள்ள ஒமேகா 3 கொழுப்பிலிருந்து. மீன் தின்றால் புண் நாலு நாள் முந்தி ஆறும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் புரதம் குறைந்த உடம்பில் புண் பிந்தும் என்பதற்குச் சான்று தாராளமாக உண்டு. நீங்கள் மெலிந்ததே ஒரு சான்று.

ஆகவே முன்பு இறால் தின்று அரித்ததில்லை என்றால், மீன் புதிது என்றால், டொக்டர் வேறு காரணத்துக்காக விலக்கவில்லை என்றால், சாப்பிடுங்கள். தேசிக்காய் பிழிந்து, முருங்கை இலைச் சுண்டலும் ஒரு கொய்யாப்பழமும் சேர்த்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சி இல்லாமல் கொலாஜன் இழைகள் முறுக்கேறாது. பழைய கடலோடிகள் பழமும் கீரையும் இல்லாமல் மாதக்கணக்கில் மிதந்தபோது, எப்போதோ ஆறிய தழும்புகள்கூடத் திரும்பப் பிளந்தன. ஆறிய தோலையும் உடம்பு ஓயாமல் பழுது பார்த்துக்கொண்டே இருக்கிறது. உம்மாவிடம் இந்தப் பக்கத்தை நீங்கள் காட்டவேண்டாம், ராத்தாவை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளை கேட்டால் அது நாக்கின் ருசி என்று நினைப்பா.

கேள்வி: மகனுக்கு சுன்னத்து வைத்து நாலு நாள். முட்டை கொடுக்கலாமா?
(ஒரு வாப்பா, புன்னைக்குடா வீதி)

பதில்: கொடுங்கள். முட்டையால் சீழ் வராது, கிருமியால்தான் வரும். நீங்கள் கழுவ வேண்டியது கையை.

கேள்வி: பீடி குடித்தால் புண் ஆறாதா?
(சவுக்கடி)

பதில்: ஆறும், பிந்தி. நிகொட்டின் தோலின் சிறு குழாய்களை இறுக்குகிறது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு குருதியில் ஒட்சிசனின் இருக்கையைப் பிடித்துக்கொள்கிறது. புண் ஆறும்வரையாவது விடுங்கள். ஆறிய பிறகு திரும்பத் தொடங்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

கேள்வி: வல்லாரைச் சம்பல் மூளைக்கு நல்லது என்பார்கள். புண்ணுக்கும் நல்லது என்கிறாரே எங்கள் பரியாரி?
(குடும்பத்தலைவி, செங்கலடி)

பதில்: பரியாரி சொன்னதில் வலு உண்டு. வல்லாரையில் ஏசியாட்டிகோசைட் என்ற பொருள் இருக்கிறது. இந்தியாவில் லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆய்வு நிறுவனத்தார் 1999இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கினிப்பன்றிகளின் காயத்தில் அதன் 0.2 வீதக் கரைசலைப் பூசினார்கள். கொலாஜனின் அளவைக் காட்டும் ஹைட்ரொக்சிபுரோலின் 56 வீதம் கூடியது. ஆறிய தோலின் இழுவலு 57 வீதம் கூடியது. நீரிழிவு உண்டாக்கிய எலிகளிலும், கொஞ்சம் செறிவான கரைசலால், ஆறுதல் முன்னேறியது.

இதில் ஓர் அழகான உறவுமுறை உண்டு. சுறாவின் ஈரல் எண்ணெயில் ஸ்குவாலீன் என்ற பொருள் ஏராளம். அதற்கு 1916இல் பெயர் வைத்தவர் ஜப்பானியரான சுஜிமோட்டோ. நம் உடம்பும் ஸ்குவாலீனைச் செய்கிறது. அதைக் கொலஸ்டிரோலாக்கி, அதிலிருந்து கோர்ட்டிசோல், ஈஸ்ட்ரஜன், டெஸ்டொஸ்டிரோன் என்ற ஓமோன்களை வடிக்கிறது. வல்லாரையும் அதே ஸ்குவாலீனை எடுத்து வேறு வழியில் மடித்து ஏசியாட்டிகோசைட் ஆக்குகிறது. நம் ஓமோனும் வல்லாரையின் மருந்தும் ஒரே வளவில் பிறந்த மச்சான் மச்சினன். முகச்சாயல் இருக்கும், குணம் வேறு.

சம்பலைச் சாப்பிடுங்கள். இலையை அரைத்துத் திறந்த புண்ணில் வைக்காதீர்கள். வல்லாரை வளர்வது ஈர மண்ணிலும் வாய்க்கால் ஓரத்திலும். சோதனையில் பூசியது பிரித்தெடுத்த தூய கரைசல். நீங்கள் பூசப்போவது இலையோடு சேர்ந்த மண்ணும் கிருமியும்.

கேள்வி: முகம் வெளுக்க ஒரு கிரீம் பூசினேன். இப்போது சின்னக் கீறல்கூட ஆறுவதில்லை, தோல் கடதாசி மாதிரி இருக்கிறது.
(பெயர் வேண்டாம், ஏறாவூர்)

பதில்: தங்கச்சி, அந்த ரியூப்பை எடுத்துக்கொண்டு நேரே தோல் வைத்தியரிடம் போங்கள். இப்படி விற்கும் வெளுப்புக் கிரீம்கள் பலவற்றில் பீட்டாமெதசோன், குளோபீட்டசோல் போன்ற ஸ்டீரொயிட் கலந்திருப்பதுண்டு. சிலவற்றில் பாதரசமும் இருக்கும்.

ஸ்டீரொயிட் கெட்ட மருந்து இல்லை. 1948இல் மூட்டுவாதத்தால் அசையமுடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கோர்ட்டிசோன் ஏற்றினார்கள். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் கென்டல், ரைக்ஸ்டைன், ஹெஞ்ச் மூவருக்கும் நோபல் பரிசு. ஆனால் இந்த மருந்து வேலை செய்கிற இடம் எது? கலத்தின் மென்சவ்விலிருந்து அரக்கிடோனிக் அமிலம் வெளிவருகிற வாசல். டைக்ளோபினாக் ஓர் அறையைப் பூட்டுகிறது, ஸ்டீரொயிட் தலைவாசலையே சாத்துகிறது. கொலாஜன் உற்பத்தியும் குறைகிறது. அதனால்தான் தோல் மெலிகிறது, நரம்பு தெரிகிறது, கீறல் ஆறுவதில்லை. பல மாதம் பூசியிருந்தால் திடீரென்று விடும்போது முகம் சிவந்து எரியலாம். எப்படிப் படிப்படியாக விடுவது என்று வைத்தியர் சொல்லட்டும். வெட்கப்பட்டு வீட்டில் இருக்காதீர்கள். கடையில் நம்பி வாங்கியவரின் குற்றம் இதில் ஒன்றுமில்லை.

கேள்வி: எனக்குப் பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். பெருவிரலில் ஒரு புண், ஒரு மாதமாகிறது. வலியே இல்லை, அதனால் பயமும் இல்லை. சரிதானே?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், சித்தாண்டி)

பதில்: ஐயா, வலி இல்லாததுதான் பயப்படவேண்டிய காரணம். இன்றைக்கே போங்கள். மிச்சத்தை ஆஸ்பத்திரி வாங்கில் இருந்து வாசியுங்கள்.

எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு இதே வருத்தம். செருப்புக்குள் கிடந்த சின்னக் கல் அவருக்குத் தெரியவே இல்லை. நாங்கள் பார்த்தது மணம் வந்த பிறகு. ஒரு விரலோடு முடிந்தது. அந்த விரலை நினைத்துத்தான் நான் இந்தப் பதிலை மற்றவற்றைவிட நீளமாக எழுதுகிறேன்.

நீண்டகாலச் சீனி மூன்று பக்கத்தால் அடிக்கிறது. நரம்பு மரத்துப்போகிறது, அதனால் காயம் தெரியாது. குழாய் அடைபடுகிறது, அதனால் ஒட்சிசனும் உணவும் மருந்தும் விரலுக்கு வருவதில்லை. மூன்றாவது, நான் மேலே சொன்ன அந்தக் கூப்பிடு குரல்கள் குழம்பிவிடுகின்றன. வீக்கத்தைத் தொடங்கும் குரல் நிற்பதில்லை, அணைக்கும் குரல் எழுவதில்லை. புண் முதல் கட்டத்திலேயே மாதக்கணக்கில் நின்றுவிடுகிறது.

அந்தக் குரலை வெளியிலிருந்து கொடுக்க முடியுமா என்று மருத்துவம் முயன்றிருக்கிறது. தோல் வளரத் தூண்டும் காரணி ஒன்றைக் கண்டவர் ஸ்டான்லி கோஹென். 1986இல் நோபல் பெற்றார். குருதிச் சிறுதட்டில் உள்ள வளர்ச்சிக் காரணியைக் களிம்பாக்கி, நீரிழிவுக் காற்புண்ணுக்கென்று 1997இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். விலை கூடிய மருந்து, பலனோ நடுத்தரம். அதைவிடப் பெரிய மருந்து, புண்ணின்மேல் உடம்பின் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வது. அதற்கான செருப்போ கட்டோ எது என்று கிளினிக்கில் கேளுங்கள். சீனியைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். வெறுங்காலோடு முற்றத்திலும் இறங்காதீர்கள். ஒவ்வொரு இரவும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கண் மங்கினால் பேரப்பிள்ளையிடம் காட்டுங்கள். பிள்ளைக்கு நாளுக்கு ஒரு நிமிடம்தான் செலவு.

கேள்வி: காலில் புண்ணும் சீனியும் உண்டு. நோன்பு பிடிக்கலாமா?
(தளவாய்)

பதில்: ஊசியும் குளிசையும் எடுப்பவர் நோன்புக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே கிளினிக்கில் கேட்டு அளவை மாற்றவேண்டும். ஆறாத காற்புண்ணோடு பிடிப்பது ஆபத்து. நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்துவதில் குறை ஒன்றுமில்லை. உங்கள் ஆலிமையும் டொக்டரையும் ஒரே நாளில் கேளுங்கள், இருவரும் ஒன்றையே சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: வலை இழுக்கும்போது கெளிறு குத்திவிட்டது. உயிர் போகிற வலி. என்ன செய்வது?
(வாவி மீனவர்)

பதில்: தாங்கக்கூடிய சுடுதண்ணீரில் அரைமணி முதல் ஒன்றரை மணிவரை கையை வைத்திருங்கள். கெளிற்றின் நஞ்சு புரத நஞ்சு, சூட்டில் வலுவிழக்கும். 45 பாகைக்கு மேல் போகவேண்டாம். சீனி வருத்தக்காரராக இருந்தால் தண்ணீரின் சூட்டை வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும். மரத்த கை வெந்தாலும் சொல்லாது. முள் உள்ளே முறிந்திருந்தால் தோண்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று. வாவியின் உவர்ப்புத் தண்ணீர் போன்ற சூடான நீரில் விப்ரியோ என்ற கிருமி வாழக்கூடும். ஈரல் வருத்தமோ சீனியோ உள்ளவரின் காயத்தில் புகுந்தால் சில மணி நேரத்தில் கால் முழுதும் பரவிவிடும். ஊதாக் கொப்புளமும் காய்ச்சலும் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். இப்படிப்பட்டவர் திறந்த காயத்தோடு தண்ணீரில் இறங்கவே கூடாது.

கேள்வி: மறதி வந்த மாமியை நான்தான் பார்க்கிறேன். கையில் பட்ட சூட்டுக்காயம் ஆற நாளெடுக்கிறது. கவலைக்கும் காயத்துக்கும் தொடர்பு உண்டா?
(மருமகள், கொம்மாதுறை)

பதில்: உண்டு, அளந்தே பார்த்திருக்கிறார்கள். உங்களைப் போல மறதி நோயாளியைப் பார்த்துவந்த 13 பெண்களின் கையில், அமெரிக்காவின் ஒஹையோவில், 3.5 மில்லிமீற்றர் அளவில் ஒரேமாதிரிச் சிறு காயம் இட்டார்கள். அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்களுக்கும் அப்படியே. 1995இல் முடிவு வெளியானது. சுமை இல்லாதவருக்கு ஆற சராசரி 39 நாள், சுமப்பவருக்கு 49 நாள். கவலையின்போது சுரக்கும் கோர்ட்டிசோலும் ஸ்டீரொயிட்தான். வெளியிலிருந்து பூசாவிட்டாலும் உள்ளிருந்து அதே வாசலைச் சாத்துகிறது.

உங்களுக்கு நான் எழுதும் மருந்து: கிழமையில் இரண்டு இரவு மாமியை வேறொருவர் பார்க்கவேண்டும். கணவர், மச்சாள், யாராக இருந்தாலும் சரி. இந்தக் கடிதத்தை வீட்டில் எல்லாரும் இருக்கும் நேரம் பார்த்துச் சத்தமாக வாசியுங்கள்.

கேள்வி: சிசேரியன் தையல் வெளியே ஆறிவிட்டது. மூன்று கிழமை. இனிக் கிணற்றிலிருந்து தண்ணீர்க் குடம் தூக்கலாமா?
(இளம் தாய், களுவன்கேணி)

பதில்: வேண்டாம் மகள். வெளியே மூடிய தோல் மூன்றாம் கிழமையில் பழைய வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் எட்டியிருக்கும். மூன்று மாதத்தில் 80 வீதம் வரை வரும், அதற்கு மேல் ஒருபோதும் வராது. உள்ளே வயிற்றுச் சுவரிலும் கருப்பையிலும் தையல் இருக்கிறது. ஆறு கிழமைவரை பிள்ளையைவிடப் பாரமான எதையும் தூக்காதீர்கள். குடத்தை அவரிடம் கொடுங்கள். தூக்கத் தெரியாது என்றால், கிணற்றடிவரை கூடப் போய்ச் சொல்லிக்கொடுங்கள்.